வச்சவுகதான் எடுக்கணும்

போன வாரம் செய்தித்தாளில் ஒரு படம் போட்டிருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஒரு பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். செருப்புக் கடையில் கொடுக்கும் அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும். அது ஒரு செயற்கைக்கோளாம். விண்வெளியில் எங்கிருந்தோ வரும் காமாக் கதிர்களை எண்ணப்போகிறதாம். இத்தனை சின்னப் பெட்டிக்குள் இத்தனை பெரிய வேலையா என்று கீழே எழுதியவர் வாயைப் பிளந்திருந்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. காபியை ஆறவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய பெட்டியும் ஏறக்குறைய அதே அளவுதான். அதே வேலைக்குத்தான் செய்தேன். அதைத் தூக்கிப்போக ராக்கெட் இல்லை, ரப்பர் பலூன்கள்தான் இருந்தன.

ஐம்பதுகளின் பின்பாதியில் நான் தொலைவில் ஒரு நகரத்தில் பௌதிக ஆராய்ச்சி மாணவி. அந்த ஆய்வுக்கூடத்தில் நான் ஒருத்திதான் பெண். எனக்குத் தனி மேசை கொடுத்திருந்தார்கள். மரியாதைக்காக என்று நினைத்துவிட வேண்டாம், எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் ஓரமாகப் போட்டுவிட்டார்கள். அந்த ஓரத்தில்தான் கண்ணாடிக் குழாய் ஊதும் அடுப்பு இருந்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல் ஊதப் பழகினேன். ஒரு வருடத்தில் அங்கே, கதிர் நுழைந்தால் சைகை தரும் கெய்கர் குழாய் செய்ய என்னைத்தான் தேடி வந்தார்கள். விரல் நுனியெல்லாம் சுட்டுக் காய்த்துப்போயிருந்தது. ஊருக்கு வரும்போது அம்மா அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கையை எவன் பிடிப்பான் என்று புலம்புவாள்.

எங்கள் பேராசிரியருக்கு ஒரு ஆசை இருந்தது. அது எனக்கும் தொற்றிக்கொண்டது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் என்று அன்று பேசப்பட்டவை பெரும்பாலும் மின்னேற்றம் உள்ள துகள்கள். வழியில் உள்ள காந்தமெல்லாம் அவற்றை வளைத்துச் சுழற்றிவிடும். எங்கிருந்து புறப்பட்டாய் என்று கேட்டால் பதில் கிடைக்காது. காமாக் கதிர் அப்படி அல்ல. அது காந்தத்தை மதிக்காது. புறப்பட்ட இடத்திலிருந்து நேராக வரும். அதைப் பிடித்தால், இதோ இந்தப் பக்கம்தான் ஏதோ நடக்கிறது என்று வானத்தில் விரல் நீட்டிக் காட்டலாம். ஆனால் அப்படி ஒன்று விண்ணிலிருந்து வருகிறதா என்பதே அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. காற்று குறுக்கே நின்று எல்லாவற்றையும் மறித்துவிடும். காற்று மெலிந்த உயரத்துக்குப் பெட்டியை அனுப்பித்தான் பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் குழாய்களை அடுக்கடுக்காக வைத்தேன். மேலே இருப்பது காவல் குழாய். மின்னேற்றத் துகள் நுழைந்தால் அது கத்திவிடும். அது வாயே திறக்காமல், கீழே உள்ளவை மட்டும் கத்தினால், வாசலில் இருப்பவனை எழுப்பாமல் யாரோ உள்ளே வந்துவிட்டார் என்று அர்த்தம். அவர்தான் நாங்கள் தேடிய விருந்தாளி. அப்போது ஒரு குட்டி விளக்கு மின்னும். கடிகாரம் இழுத்துச் செல்லும் பிலிம் சுருளில் ஒரு புள்ளி விழும். ரேடியோ வைத்துக் கீழே தகவல் சொல்லும் வசதி எங்களுக்குக் கிடையாது. பெட்டி திரும்பி வர வேண்டும், பிலிமைக் கழுவ வேண்டும், அப்புறம்தான் பதில்.

இதற்குச் சங்கரன்கோவிலைப் பிடித்தது பேராசிரியர்தான். பூமியின் காந்த நடுக்கோடு நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போவதால், வேண்டாத துகள்களில் பெரும்பகுதி அங்கே உள்ளே வர முடியாது, தொந்தரவு குறைவு. கிழக்கே இளையரசனேந்தல் வரைக்கும் மானாவாரிக் காடு என்று நாங்கள் சொல்லும் புஞ்சை நிலம், வெட்டவெளி. பெட்டி விழுந்தால் கண்ணில் படும். அத்தோடு அது என் ஊர். அப்பாவுக்கு அங்கே மிளகாய் வத்தல் மண்டி. சாக்கு அடுக்கும் இடத்தில் எங்கள் சாமான்களையும் போட்டுக்கொள்ளலாம்.

மூன்று பெட்டிகள் செய்து கொண்டுவந்தேன். எனக்குக் கிடைத்திருந்த ஆராய்ச்சிக் காலம் அந்த மார்கழியோடு முடிகிறது. அதற்குள் ஒரு பெட்டியாவது பார்த்ததைப் பதிவு செய்து திரும்ப வேண்டும். வந்தால் ஆய்வேடு, தொடர்ந்து வேலை. வராவிட்டால் ஏதாவது பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் நடத்த வேண்டியதுதான். கேள்விக்குப் பதிலை வேறு எவனாவது கண்டுபிடித்துவிட்டுப் போவான். இந்த இரண்டாவது நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கரிசலில் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று பேராசிரியர் பெட்டிகளுக்குச் சிவப்புச் சாயம் அடிக்கச் சொன்னார். எனக்கு மஞ்சள்தான் சரியென்று பட்டது. சொன்னேன். அவர் கேட்கவில்லை. அப்பா மண்டி வாசலில் நின்று பார்த்தார்.

"என்னட்டி, தபால் பெட்டியக் களவாண்டுக்கிட்டு வந்திருக்க?"

முதல் பெட்டியை ஆனியில் விட்டோம். பேராசிரியருக்குச் செங்கோட்டைக் கணவாய்க் காற்றைப் பற்றி வரைபடத்தில் படித்த அறிவுதான். எங்கள் ஊரில் அந்த மாதம் கொடியில் துணி தங்காது. அப்பா சொல்லித்தான் பார்த்தார்.

"வேட்டியே இடுப்புல நிக்க மாட்டேங்கு. இதுல பலூன் விடப் போறாகளாம்."

கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்ததும் பலூன் கொத்து மேலே போகவில்லை, பக்கவாட்டில் போனது. நேரே போய் ஒரு உடைமரத்தில் உட்கார்ந்தது. ஒவ்வொரு பலூனாக முள் குத்தி வெடித்தது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அதுதான் நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். கீழே விழுந்த பெட்டிக்குள் என் குழாய்கள் நொறுங்கிக் கிடந்தன. கைதட்டிய ஒவ்வொருவரையும் அறைய வேண்டும்போல் இருந்தது.

இரண்டாவதை ஆவணியில், காற்று அசந்த ஒரு விடியலில் விட்டோம். அழகாக ஏறியது. தியோடலைட் என்ற அளவைத் தொலைநோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் கிழக்கே போனது. உயரே போனதும் அங்கே எதிர்த்திசையில் வீசிய காற்று அதைப் பிடித்துத் திருப்பியது. வந்த வழியே தலைக்கு மேலாகத் திரும்பி, மேற்கே வாசுதேவநல்லூர் மலைக்குள் போய் மறைந்தது. மலையடிவாரம் முழுக்க அலைந்தோம். கூட வந்த காட்டுக் காவலர் கடைசியில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனை காணாமப் போனாலே நாங்க தேட மாட்டோம் தாயி. நீங்க பெட்டியத் தேடுதிய."

மிஞ்சியது ஒன்று. அந்த உயரக் காற்று ஓயும் புரட்டாசி நடுப்பகுதிக்காக அதை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மழை தொடங்கிவிட்டால் அதுவும் இல்லை.

விட்ட அன்று காலை ஊருக்கு வடக்கே தரிசில் கூட்டம் கூடிவிட்டது. பலூனுக்குள் அடைப்பது ஹைட்ரஜன். ஒரு பொறி பட்டால் எல்லாரும் காலி. அந்த நேரம் பார்த்து ஒருவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிட்டே வந்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் பீடியை மட்டும் அல்ல, தீப்பெட்டியையும் கீழே போட்டுவிட்டு ஓடினார். "வத்தல் மண்டிக்காரர் மகளுக்கு வாயெல்லாம் வத்தல்" என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. மூடியில் தமிழில் அச்சடித்த தாளை ஒட்டினேன்: இது ஆராய்ச்சிக் கருவி, திறக்காமல் சங்கரன்கோவிலில் இன்ன மண்டிக்குத் தகவல் சொல்லுங்கள். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். காதை வைத்துக் கேட்டேன், ஓடியது. விட்டுவிட்டோம்.

அது நான் சொன்னபடியெல்லாம் கேட்டது. நேராக ஏறியது. கண்ணுக்குப் புள்ளியாகி, தியோடலைட்டிலும் புள்ளியாகி, அங்கேயே வெகுநேரம் நின்றது. பிறகு பலூன்கள் வெடித்து, பாராசூட் கிழக்கே சாய்ந்து இறங்குவதைப் பார்த்தேன். பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஒரு காலைதான் நான் முழுசாகச் சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு பெட்டியைக் காணவில்லை. வாடகைக் காரில் குருவிகுளத்தைச் சுற்றிய ஊர்களில் எல்லாம் கேட்டோம். வானத்திலிருந்து சிவப்பாக ஏதாவது விழுந்ததா என்று கேட்டால், ஆட்கள் முதலில் காருக்குள் எட்டிப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு இல்லை என்றார்கள். இளையரசனேந்தல் கடைத்தெருவிலும் அதே பதில்தான்.

அந்த வாரம்தான் ருஷ்யாக்காரர்கள் செயற்கைச் சந்திரனை விட்டார்கள். தேரடிப் பக்கம் ரேடியோ வைத்திருந்த கடையில் கூட்டம் நெரிந்தது. பீப், பீப் என்று அதன் சத்தத்தைப் போட்டுக் காட்டினார்கள். நானும் தெருவில் நின்று கேட்டேன். வானத்தில் சுற்றிக்கொண்டு ஒரு பெட்டி தன் இருப்பிடத்தைத் தானே சொல்கிறது. என் பெட்டி எந்தக் காட்டில் வாய்மூடிக் கிடக்கிறதோ. கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஒங்க பெட்டியும் அங்கனதான் போயிருக்கும். ருஷ்யாக்காரன்கிட்ட ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியரும் அன்று செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "இனி பலூனுக்கெல்லாம் என்ன வேலை?" என்றார். கடைக்காரர் மேல் வந்ததைவிட அவர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. ஆளைக் கொண்டுவந்து நடுக்காட்டில் விட்டுவிட்டுப் பேருந்தைப் பற்றி யோசிக்கிறார்.

தகவல் மண்டிக்குத்தான் வந்தது. இளையரசனேந்தல் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ஒருவர் விதைவத்தல் வாங்க வந்த இடத்தில், பேச்சோடு பேச்சாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

"எங்க காட்டுல மேல இருந்து ஒரு வேட்டுப் பெட்டி விழுந்துட்டு அண்ணாச்சி. நல்ல வேளை, வெடிக்கல."

அப்பா தராசை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

நாங்கள் போனபோது கிணற்றைச் சுற்றி, ஆனால் கிணற்றிலிருந்து நல்ல தூரத்தில், ஊரே நின்றது. பெட்டி எங்கே என்றேன். கிணற்றைக் காட்டினார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. கிணற்றுக்குள்ளா விழுந்தது என்று கேட்டேன். அப்போது ஒருவர் முன்னால் வந்தார். நாற்பது வயது இருக்கும், ஆடு வைத்திருப்பவர். வேலையில்லாத நாளில் கிணறு வெட்டப் போகிறவர். அவர் சொன்னதைக் கேட்டபிறகுதான் எல்லாம் விளங்கியது.

அங்கே கிணறு என்றால் பாறை. பாறையைக் குடைந்து மருந்து வைத்துத் திரி கொளுத்தினால்தான் தண்ணீர். வேட்டு மருந்து வரும் பெட்டிக்குச் சிவப்புச் சாயம். அப்படி ஒரு பெட்டி, வயர் தொங்க, உள்ளே டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு, அவர் ஆடு மேய்க்கும் இடத்தில் வந்து இறங்கியிருக்கிறது. கிட்டத்திலேயே அவருடைய பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒட்டியிருந்த தாளை வாசிக்கவில்லையா என்று கத்தினேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கிட்ட நின்னு வாசிக்கிற நேரமா தாயி அது? புள்ளைகள ஓடச் சொல்லிட்டுத் தூக்கிட்டேன். வெடிக்காத மருந்தத் தண்ணில நனைக்கணும்லா. கயித்தக் கெட்டிப் பையப் பைய எறக்கிட்டேன்."

கயிறு கட்டியிருந்த கல்லைக் காட்டினார். "மருந்த வச்சவன்தான் எடுக்கணும். அதான் எங்க மொறை. வச்சவன் யாருன்னு தெரியல. ஆடும் புள்ளையுமா நிக்கிற எடம். அதான் நானே எடுத்தேன்."

அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிணறு வரைக்கும் நடந்திருக்கிறார். ஒவ்வொரு அடியிலும் வெடிக்கும் என்று நம்பிக்கொண்டே நடந்திருக்கிறார். நான் வரும் வழியெல்லாம் யாரை எப்படித் திட்டுவது என்று சொற்களைக் கூர்தீட்டிக்கொண்டு வந்தவள். அந்தச் சொற்கள் அத்தனையும் வாயில் இருந்தன. ஒன்றைக்கூடத் துப்ப முடியவில்லை.

"நாங்க முன்னால வந்து கேட்டப்போ ஏன் சொல்லல?"

"கார்ல வந்து கேட்டா சர்க்கார் ஆளுன்னு பயந்துருப்பாக. மருந்து ஏதுன்னு கேஸு போட்டா யாரு அலையுதது? நான் அன்னைக்கு ஊர்ல இல்ல." பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப, வச்சவுக நீங்கதானா?"

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன்.

"அப்ப நீங்கதான் எடுக்கணும்."

யாரும் உதவிக்கு வரவில்லை. அது வீம்பு இல்லை, அவர்கள் வேலையின் ஒழுங்கு. அது வெடிமருந்து அல்ல என்று பேராசிரியர் ஆங்கிலமும் தமிழும் கலந்து விளக்கத் தொடங்கினார். கூட்டம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இன்னும் சில அடி பின்னால் போனது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்லில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து இழுத்தேன். பாதியில் பெட்டி ஒரு கல்விளிம்பில் மாட்டிக்கொண்டது. கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கற்களில் இறங்கி அதை விடுவித்தேன். மேலே யாரோ பெண், "பாத்து தாயி, பாத்து" என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர்கள் என் உயிருக்குப் பயந்தார்கள். நான் பிலிமுக்குப் பயந்தேன்.

பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்திருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் இழுத்தேன். மேலே வைத்துச் சாய்த்தபோது ஒரு மூலை நசுங்கியிருப்பது தெரிந்தது. அதன் வழியாகத் தண்ணீர் ஒழுகியது. நிற்காமல் ஒழுகியது.

"நனஞ்சிருச்சில்லா? இனி பயமில்ல," என்றார் அவர்.

"நல்ல காரியம் செஞ்சிய அண்ணாச்சி," என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவருக்கு அது தெரியவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. கருப்பட்டி போட்டுக் காபி கொடுத்தார்கள். குடித்தேன்.

பிலிமை மண்டியில் கடைசி அறையில் கழுவினேன். வெளிச்சம் புகாத அறை எங்களிடம் அது ஒன்றுதான். நாலு பக்கமும் வத்தல் மூட்டை. இருட்டில், நெடியில் தும்மிக்கொண்டு, மருந்துத் தண்ணீரில் சுருளை அவிழ்த்தேன். கைக்கு வழுக்கியது. பால் ஆடை கழல்வதுபோல, பிலிமின் மேல்பூச்சு அப்படியே கழன்று என் விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த உயரத்தில் பெட்டி பார்த்தது அத்தனையும் அதில்தான் இருந்தது. விரல்களைக் கழுவக்கூட மனம் வரவில்லை. வெளியே வந்தபோது கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. "வத்தல் நெடி அப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பா. அழுதேன் என்று அவருக்குத் தெரியும். எனக்காக அதை வத்தல் மேல் போட்டார்.

சுருளின் நடுவே, இறுகச் சுற்றியிருந்த இடத்தில், ஒரு துண்டு மட்டும் தப்பியிருந்தது. தெளிவான புள்ளிகள், வரிசையாக, நான் கனவு கண்ட மாதிரியே. பேராசிரியர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நடுவில் இருப்பதுதான் முதலில் பதிவானது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் வேறு எதையாவது சொல்லமாட்டாரா என்று இருந்தது.

"இது பெட்டி தரையில் இருந்தபோது பதிந்தது," என்றார். "மண்ணிலிருந்து வரும் காமாக் கதிர்."

நட்சத்திரங்களை எண்ண அனுப்பிய பெட்டி, ஊருக்கு வடக்கே இருந்த தரிசை எண்ணிக்கொண்டு வந்திருந்தது. கருவி சரியாக வேலை செய்திருக்கிறது, அதில் நான் பெருமைப்படலாம் என்றார். பெருமைப்பட்டு என்ன செய்ய? அவர் அந்த வாரமே புறப்பட்டுப் போய்விட்டார். பிறகு ராக்கெட் பற்றியும் செயற்கைக்கோள் பற்றியும் நிறையப் பேசினார், எழுதினார். மார்கழி முடிந்தது. என் மேசையில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

பங்குனியில், பெண்கள் பள்ளி ஒன்றில் வேலைக்கு உத்தரவு வந்து, சேர நாள் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு மண்டிக்குப் போனபோது, புது வத்தல் மூட்டைகளோடு வந்த வண்டியிலிருந்து அவர் இறங்கினார். கிணற்றில் பெட்டியை இறக்கியவர். என்னைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

"அடுத்த பெட்டி எப்ப விடுதிய தாயி?"

சாப்பாட்டை மூட்டைமேல் வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தேன். அதை அவர் பயம் என்று எடுத்துக்கொண்டார்.

"பயப்படாதிய. சுத்துப்பட்டி பூராவும் சொல்லி வச்சிட்டேன். எவன் காட்டுல விழுந்தாலும் தொறக்க மாட்டான், களவாங்க மாட்டான். அந்தானைக்கு அப்படியே தூக்கிக் கிணத்துல எறக்கிருவான். கயிறுகூடப் புதுசா வாங்கிப் போட்டிருக்கேன். நீங்க வந்து எடுத்துக்கிட வேண்டியதுதான்."

அவரிடம் உண்மையைச் சொல்லிவிட எத்தனையோ சொற்கள் இருந்தன. உயிரைக் கொடுத்து நீங்கள் நனைத்தது என் வேலையை, என் பேரை, எனக்கு இனி கிடைக்கவே கிடைக்காத ஒரு பதிலை என்று சொல்லியிருக்கலாம். அவர் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடும்போது சொல்லி அனுப்புதேன் அண்ணாச்சி," என்றேன்.

இத்தனை வருடத்தில் அனுப்ப ஒன்றும் இல்லை. செய்தித்தாள் படத்தில் இருந்த பிள்ளைகளின் பெட்டி யார் காட்டிலும் விழாது. சுற்றி முடித்ததும் மேலேயே எரிந்துவிடுமாம். படத்தை மடித்து வைத்துவிட்டு ஆறிப்போன காபியைக் குடித்தேன். அந்தப் பெட்டியில் காவல் குழாய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.